சனிக்கிழமை மட்டும் எரிந்த இஞ்சின் லைட்

1. காலை போன்

பசுமலையில் எங்கள் ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே தவமணியிடமிருந்து போன் வந்தால், அன்று சனிக்கிழமை என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சில வாரங்கள் தொடர்ந்து அப்படித்தான் நடந்தது. போனை எடுத்ததும் முதலில் கேட்பது தவமணியின் குரல் இல்லை. வேனில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒரே நேரத்தில் என்னை வாழ்த்தும் சத்தம்தான் கேட்கும். என்ன வார்த்தைகளில் வாழ்த்தினார்கள் என்பதை எழுதினால் அச்சில் வராது. அவர்கள் ஓய்ந்த பிறகுதான் தவமணி பேசுவார்.

“அண்ணே, லைட்டு வந்துருச்சு. மிதிச்சா இழுக்க மாட்டேங்குது. மில்லு கேட்டு அடைக்கிறதுக்குள்ள போய்ச் சேருவேனான்னு தெரியல.”

நான் ஆட்டோ எலக்ட்ரீசியன். வயரிங் வேலையில் ஆரம்பித்து, வண்டியின் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் வந்த பிறகு அதோடு மல்லுக்கட்டி, இப்போது தொழிலை விட்டு வீட்டில் இருக்கிறேன். வீட்டில் மிக்ஸி நின்றால்கூட என்னிடம் காட்டாமல் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அதனால் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. புதிதாக ஸ்கேனரைக் கையில் எடுக்கும் தம்பிகளுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

தவமணிக்கு ஊர் எழுமலை. சொந்தமாக ஒரு டீசல் வேன் வைத்திருந்தார், அவரே ஓட்டுவார். கணவர் ஆந்திராவில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்த்தார். எழுமலையிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு திருமங்கலத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு நூல் மில்லில் விடுவது, சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது, இதுதான் அந்த வேனின் பிழைப்பு. ஒரு பெண் வேன் ஓட்டுகிறார் என்பதை ஊர் ஏற்றுக்கொள்ளவே நாளானது. ஏற்றுக்கொண்ட பிறகு, ‘தவமணி வேன்ல போறியா, அப்பப் போ’ என்று பெண்பிள்ளைகளை நம்பி அனுப்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்குத்தான் இப்போது ஆபத்து. மில் கேட் அடைத்துவிட்டால் வேனில் வந்த அத்தனை பேருக்கும் அன்றைய ஷிஃப்ட் போய்விடும். சனிக்கிழமை தோறும் லேட் என்றதும் மில் மேனேஜர் தவமணியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கேட்டுக்கு வெளியே நின்றால் ட்ரிப்பை ஒரு கான்ட்ராக்ட் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். பஸ் மெயின் ரோட்டில்தான் போகும். உள்ளே இருக்கும் ஊர்ப் பெண்கள் இருட்டில் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். அப்படியென்றால் பாதி வீடுகளில் வேலைக்கே அனுப்ப மாட்டார்கள். தவமணி தன் ட்ரிப்பைப் பற்றிப் பேசியதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

2. கோடு என்ன சொன்னது

இது தொடங்கியது எங்கள் கையால்தான் என்று நினைப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது. இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ அந்த வேனில் கெட்டுப்போய், எங்களிடம் வந்து, நாங்கள்தான் சரிசெய்து கொடுத்தோம். அதற்கு முன்பு அந்த வண்டியின் டாஷ்போர்டில், கோளாறைக் காட்டும் இஞ்சின் லைட் எரிந்ததே இல்லை.

வேலை முடிந்து வண்டி கிளம்பிய அன்று முதலாளி ஜனார்த்தனன் பூசணிக்காய் சுற்றி உடைத்து, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைத்து, தவமணியை ஓரமாக நிறுத்தி வெகுநேரம் அறிவுரை சொன்னார். அறிவுரை சொல்லாமல் ஒரு வண்டியை வெளியே விட அவருக்கு மனம் வராது. ஆயில் மாற்றிய ஸ்கூட்டருக்குக்கூட வாசல்வரை வந்து புத்தி சொல்லி அனுப்புவார். நாங்கள் யாரும் பக்கத்தில் நின்று கேட்பதில்லை, எங்களுக்கு வேலை இருந்தது.

அடுத்த சனிக்கிழமை முதல் போன் வந்தது. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தேன். பி ஜீரோ ஒன் ஜீரோ ஒன் என்று கோடு வந்தது; கோளாறுக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்பரைத்தான் கோடு என்போம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்க, ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சார் இருக்கும். நாங்கள் மாஃப் சென்சார் என்போம். உள்ளே தலைமுடி கனத்தில் சூடான ஒரு கம்பி. அதன் மேல் ஏதாவது படிந்துவிட்டால் கணக்குத் தப்பும். கணக்குத் தப்பினால் இஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்து, டீசலைக் குறைத்து, ‘மெதுவாக வீடு போய்ச் சேர்’ என்று வண்டியை நொண்டவிடும். கோடு சொன்னது இவ்வளவுதான். காற்றுக் கணக்கு சரியில்லை என்றது. ஏன் சரியில்லை என்பதைக் கோடு சொல்லாது, எந்தக் கோடும் சொல்லாது.

சென்சாரைக் கழற்றினேன். கம்பியில் பழுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படலம். கிளீனர் ஸ்பிரே அடித்துக் கழுவி மாட்டினேன். வண்டி குதிரை மாதிரி ஓடியது. தவமணி நன்றி சொன்னார், பெண்கள்கூட மன்னித்துவிட்டார்கள். அடுத்த வெள்ளி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை போன் வந்தது.

3. யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டோம்

முதல் சந்தேகம் எங்கள் மேலேயே. டர்போவில் ஆயில் கசிந்தால் அதன் ஆவி திரும்பி வந்து சென்சாரில் படியும். ஆகவே காற்று போகும் எல்லா ஹோஸையும் பிரித்தோம், ஆயில் ஆவி வரும் பிரீதர் பைப்பை மாற்றினோம். டர்போ சுத்தமாக இருந்தது. முதலாளிக்கு நிம்மதி, எனக்குக் குழப்பம்.

இரண்டாவது, சென்சாரே கோளாறு என்று புதிது போட்டோம். அதுவும் வெள்ளிவரை மரியாதையாக இருந்துவிட்டுச் சனிக்கிழமை வேலையைக் காட்டியது.

அப்புறம்தான் நாள் கணக்கு எனக்கு உறைத்தது. தவமணி வெள்ளிக்கிழமை எந்த பங்க்கில் டீசல் போடுகிறார் என்று விசாரித்து, பங்க்கை மாற்றச் சொன்னேன். மாற்றினார். லைட் மாறவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேனைக் கழுவுவாராம். சென்சார் வயரைச் சொருகும் கனெக்டரில் தண்ணீர் இறங்குகிறது என்று முடிவு கட்டி, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன். துடைத்தார். லைட் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் அவரிடம் தவறாமல் கேட்ட கேள்வி, வண்டியில் வேறு என்ன செஞ்சீங்க என்பது. அவரும் தவறாமல் ஒன்றும் செய்யவில்லை என்றார்.

முதலாளியின் ஆராய்ச்சி வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை மட்டும் வருகிறது என்றால் அது சென்சார் சமாச்சாரமே இல்லை என்றார். தவமணியின் ராசியை விசாரித்து, கோயிலில் எள் விளக்கு போடச் சொன்னார். அந்தப் பெண்ணும் போட்டார். எள் விளக்கும் எரிந்தது, டாஷ்போர்டு விளக்கும் எரிந்தது.

முதலாளி சௌராஷ்டிரக்காரர். ஒர்க்‌ஷாப் ஆட்களுக்குத் தெரியக் கூடாததை எல்லாம் வீட்டுக்குப் போன் போட்டு அவர்கள் பாஷையில் பேசுவார். அவரோடு அத்தனை வருஷம் இருந்த எனக்கு அந்தப் பாஷை பேச வராதே தவிர ஒரு வார்த்தை விடாமல் புரியும். அவருக்கு அது தெரியாது. அந்த வாரங்களில் என் பெயர் அந்தப் போன் பேச்சில் அடிக்கடி வந்தது. சேகருக்கு வயசாகிவிட்டது என்று அவர் மனைவியிடம் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. முதலாளி என்னைவிட மூத்தவர்.

சிரித்துக்கொண்டே எழுதினாலும் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை லைட் வந்தால் ட்ரிப் போய்விடும் என்று தவமணி சொன்ன பிறகு, வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் அந்தப் பழுப்புப் படலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. ஸ்மோக் மெஷின்

முதலாளி புதிதாக ஒரு ஸ்மோக் மெஷின் வாங்கியிருந்தார். காற்று போகும் பாதையில் புகையைச் செலுத்தினால், எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பிடிக்க நல்ல வழி. வெள்ளிக்கிழமை காலையில் பெண்களை மில்லில் இறக்கிவிட்டு நேராக வரும்படி தவமணியிடம் சொன்னேன். அதுவரை அவர் எப்போதும் சனிக்கிழமைதான் வருவார். வண்டியை விட்டுவிட்டு வெளி வேலைக்கு ஓடிவிடுவார், முடிந்ததும் வந்து எடுத்துப்போவார். அன்றுதான் பக்கத்தில் நின்று முழுதாக வேடிக்கை பார்த்தார்.

மாஃப் சென்சாரைக் கழற்றிப் பத்திரமாக வைத்தேன். ஹோஸில் மெஷினை மாட்டிப் பட்டனை அமுக்கினேன். வெள்ளைப் புகை பைப்புக்குள் ஏறியது. தவமணி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மெஷினுக்கா கும்பிடு என்று கேட்டேன்.

“இல்லண்ணே. நீங்களும் புகை போடுவீங்கன்னு இம்புட்டு நாளாத் தெரியாது. நான் வெள்ளிக்கிழமையானா தவறாமப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

எதைப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“சாம்பிராணிதான். வண்டியத் துடைச்சு, பானெட்டத் தெறந்து, இஞ்சின ஓட விட்டுட்டுப் போடுவேன்.” ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயைக் கையால் காட்டினார். “இந்த ஓட்டைகிட்டக் கொண்டு போனா அப்படியே எடுத்துக்கிரும்ணே. ஒரு பொட்டுப் புகை வெளிய போகாது. மாரியாத்தா நேர்ல வந்து வாங்கிக்கிற மாதிரி இருக்கும். அது போதும்கிற வரைக்கும் காட்டுவேன்.”

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ஃபில்டரை வெளியே எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். கமகமவென்று கோயில் வாசம். அதற்கு முன்பும் பலமுறை அதைக் கையில் எடுத்திருக்கிறேன். ஆனால் முதலாளி வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப் முழுக்கப் போடும் புகையில் சனிக்கிழமை சாயந்திரம்வரை எங்கள் ஸ்பேனர்கூட அப்படித்தான் மணக்கும். அந்த வாசத்தை யாரும் தனியாகக் கவனிக்க வழியே இல்லை. ஃபில்டர் தூசியைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. சாம்பிராணி என்பது பிசின். அந்தப் பிசின்தான் சூடான கம்பியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். தவமணிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“நீங்க வண்டில என்ன செஞ்சேன்னுதான கேட்டீங்க. இது சாமிக்குச் செய்றதுல்ல.”

5. அறிவுரை யாருடையது

பேச்சுச் சத்தம் கேட்டு முதலாளி வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இஞ்சினை ஓடவிட்டு அதன் வாயில் சாம்பிராணி காட்டும்படி எந்த மடையன் சொன்னான் என்று கேட்டார். அவருக்கு என் மேல் இருந்த அத்தனை வாரக் கோபமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

தவமணி அவரையே பார்த்தார். “நீங்கதான் மொதலாளி. டர்போ செஞ்சு குடுத்த அன்னைக்கு. ஓடுற வண்டிக்குத்தான் கண்ணு படும், இஞ்சின ஓடவிட்டே போடும்மான்னு சொன்னீங்கள்ல.”

முதலாளி ஸ்மோக் மெஷினின் பொத்தான்களை அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் போட்டார். அன்றைய பேச்சில் என் பெயர் வரவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பாஷை புரிந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் நல்லதற்குத்தான் சொன்னார், தவமணி அதைவிட நல்லதற்குத்தான் செய்தார். புகையைப் பெட்டியின் வாய்க்கே கொண்டுபோனது தவமணியாகச் சேர்த்துக்கொண்டது. சாமி வாங்கிக்கொள்கிறது என்று கண்ணாலேயே பார்க்கும்போது யார்தான் கையைப் பின்னால் இழுப்பார்கள்? வாராவாரம் லைட் வந்ததும் என்ன குறை வைத்தோமோ என்று பயந்து சாம்பிராணியைக் கூட்டியிருக்கிறார். கூட்டக் கூட்டக் கம்பியில் படலம்தான் தடித்திருக்கிறது.

ஓடுகிற இஞ்சின் மூச்சு இழுக்கும், அதன் மூக்கில் நாம் புகையை விடுகிறோம், நிறுத்திவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. டர்போ போனதிலிருந்து அந்த இஞ்சினை நினைத்தாலே அவருக்குப் பயம். வெள்ளிக்கிழமைப் புகைதான் அவருக்குத் தைரியம். அதை வேண்டாம் என்று சொல்வதற்கு நான் யார் என்ற எண்ணம் எனக்கும் வராமல் இல்லை. சென்சாரையும் ஃபில்டர் பெட்டியையும் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போட்டு அனுப்பினேன்.

6. எழுமலையிலிருந்து

சனிக்கிழமை விடியுமுன்னே பைக்கை எடுத்துக்கொண்டு எழுமலை போய்விட்டேன். போனுக்காகக் காத்திருக்கப் பயமாக இருந்தது. வேனில் முன் சீட்டில் ஏறி, ஸ்கேனரைச் சொருகி மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் ஏறிய பெண்களுக்கு, இத்தனை நாள் போனில் திட்டிய ஆளை நேரில் பார்த்ததில் ஏகப்பட்ட மகிழ்ச்சி. வண்டி நின்றால் முதலில் இறங்கித் தள்ள வேண்டியது நான்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

கடைசி ஊரில் ஏற்ற வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு வேன் ரோட்டுக்கு வந்தது. நேற்று இஞ்சினை நிறுத்திவிட்டுத்தானே போட்டீர்கள் என்று தவமணியிடம் கேட்டேன். அவர் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“போடவே இல்லண்ணே. போட்டு லைட்டு வந்துச்சுன்னா, புகையால வந்துச்சா வேற எதுனாலயும் வந்துச்சான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் சாமிகிட்டச் சொல்லிட்டு, ஒங்கள நம்பி வண்டிய எடுத்துட்டேன். இம்புட்டுப் பேரு இருக்காகண்ணே.”

நான் சொல்லாததை, சொல்லியிருக்க வேண்டியதை, அவராக யோசித்துச் செய்திருந்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. ஆனால் அப்போது அதை மெச்சும் நிலையில் நான் இல்லை. முதல் நாள் புகைதான் காரணம் என்று அடித்துச் சொன்னவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பழுப்புப் படலமும் ஒரு வாசமும்தான். வேறு ஏதாவது காரணம் இருந்து, இன்றைக்கும் பார்த்து லைட் வந்தால், இந்தப் பெண் இனி என்னை நம்ப மாட்டார் என்பது பெரிதில்லை. சாமியை விட்டதால்தான் வந்தது என்று ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொள்வார்.

அந்த ரோட்டில் கோயில்களுக்குக் குறைவில்லை. அய்யனார், கருப்பசாமி, காளி, ஒரு வேப்ப மரத்தடிக் கல், எதையும் நான் விடவில்லை. ஒரு கை ஸ்கேனரில், ஒரு கை நெஞ்சில். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் இதைக் கவனித்துவிட்டார்.

“என்னக்கா, எலக்ட்ரீசியன் அண்ணன் எல்லாக் கோயிலுக்கும் கும்பிடு போட்டுக்கிட்டே வாராரு. பிரேக்கு பிடிக்கலையா?”

வேன் முழுக்கச் சிரித்தது. தவமணி சிரிக்கவில்லை, ரோட்டையே பார்த்து ஓட்டினார். திருமங்கலத்துப் பாலத்தில் ஏறும்போது, வழக்கமாக வண்டி மூச்சு முட்டும் இடம் அது, மிதித்தார். வேன் இழுத்துக்கொண்டு ஏறியது. ஸ்கேனரில் காற்றுக் கணக்கு மிதிக்கு ஏற்றபடி ஏறி இறங்கியது. டாஷ்போர்டு இருட்டாகவே இருந்தது.

மில் கேட் திறந்திருந்தது. பெண்கள் எல்லாரும் இறங்கி உள்ளே போன பிறகு வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினார். தவமணி இஞ்சினை நிறுத்தினார், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நான் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அடுத்த வெள்ளியிலிருந்து இஞ்சினை அணைத்து, பானெட்டை மூடி, வேனைச் சுற்றி வந்து சாம்பிராணி காட்டுகிறார். ட்ரிப் அவரிடமே இருக்கிறது. அந்த லைட் அதற்குப் பிறகு வரவில்லை.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கோடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு ஸ்கேனரைக் கீழே வையுங்கள். வண்டிக்காரரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுங்கள். வண்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்காமல், அவருடைய வாரம் எப்படிப் போகும் என்று கேளுங்கள். காரணம் அதற்குள் எங்கேயாவது இருக்கும். கண்டுபிடித்துவிட்டால் உடனே பெரிய ஆள் மாதிரிப் பேசவும் வேண்டாம். நிச்சயமாகத் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் சொல்லி அனுப்புங்கள். நம் பேச்சைக் கேட்டு அவர்கள் எதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அன்று பாலத்தில் லைட் எரிந்திருந்தால் தவமணிக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.